சூலூர்பேட்டை தெரு குரூப்: செவ்வாய் ரோவர் சார்ட்

சுமதி: பாப்பா கண்காட்சிக்கு சார்ட் முடிச்சுட்டா. தலைப்பு "செவ்வாயில் தண்ணீர் கண்டுபிடித்த ரோவர்கள்". தப்பு இருந்தா இப்பவே சொல்லுங்க, நாளைக்கு லேமினேஷன்.

பாஸ்கர் அண்ணன்: தலைப்பே இடிக்குதும்மா. நாசா செவ்வாய்த் தரையில ஓட்டின ரோவர் வண்டிங்க ஸ்பிரிட்டோ ஆப்பர்சூனிட்டியோ சொட்டுத் தண்ணி பாக்கல. ஒரு காலத்துல தண்ணி இருந்த இடம்னு பாறையில சான்று எடுத்துச்சுங்க. 2004 டிசம்பர்ல 'சயின்ஸ்' இதழ் அந்த வருஷத்தோட முதல் சாதனைன்னு சொன்னது அதைத்தான்.

சுமதி: சான்றுக்கு அந்தக் குட்டி உருண்டை படம் ஒட்டியிருக்கா. ஸ்பிரிட் பக்கத்துல.

பாஸ்கர் அண்ணன்: ஐயோ, பிரிச்சு எடு. உருண்டை ஆப்பர்சூனிட்டியோடது, மெரிடியானி சமவெளி. ஸ்பிரிட் குசேவ் பள்ளம், அங்க இறங்கின தரையில கண்டது எரிமலைப் பாறை.

பாஸ்கர் அண்ணன்: படம் மட்டும் போதாது. உருண்டை சில மி.மீ.தான், இரும்புக் கனிமத்தை அடையாளம் காட்டுற மோஸ்பாயர் கருவி பாக்கிற வட்டமோ ஒன்றரை செ.மீ. அளவு. தனியா ஒண்ணை அளக்க முடியாது. அதனால உருண்டை குவிஞ்ச குழியில ஒரு அளவு, பக்கத்துலயே வெறும் பாறையில ஒரு அளவு. குவியல்ல ஹேமடைட்ங்கிற இரும்பு ஆக்சைடு கனிமம் தூக்கலா வந்துச்சு. இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வரையச் சொல்லு.

வேணு பெரியப்பா: ஹேமடைட்டோட நிறுத்தினா நடுவர் மடக்கிடுவார். அது தண்ணி இல்லாமலும் உண்டாகும். கெட்டிச் சாட்சி ஜரோசைட். இரும்பு, சல்பேட்டோட ஹைட்ராக்சிலும் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி) உள்ளே இருக்கு. அமிலத் தண்ணியில உருவாகிற கனிமம். மேல் தூசி ஏமாத்தும், அதனால அரைக்கும் கருவி 45 மி.மீ. அகலத்துல 5 மி.மீ. ஆழம் வரைக்கும் பாறையைச் சுரண்டும். அதுக்கப்புறம்தான் அளவு.

சுமதி: அளக்க எவ்வளவு நேரம் பெரியப்பா?

வேணு பெரியப்பா: ஆரம்பத்துல பல மணி நேரம். மோஸ்பாயர் கருவி உள்ளே கதிர் விடுற கோபால்ட்-57, அரை ஆயுள் (கதிர் பாதியாகிற காலம்) 271 நாள். கதிர் குறையக் குறைய அதே அளவை எடுக்க நாள் கணக்கில ஆச்சு.

ஹரி: சித்தி, ஸ்பிரிட் பக்கம் காலியாச்சுன்னா மெமரி கோளாறு போடச் சொல்லுங்க. 2004 ஜனவரி 21. ஃபைல் சேமிக்கிற ஃப்ளாஷ் மெமரியில ஃபைல் எண்ணிக்கை ஏறிப்போச்சு. பூட் ஆகும்போது அந்த ஃபைல் பட்டியலை ராம்ல (வேலை செய்யுற மெமரி) ஏத்தணும், இடம் பத்தல. ரீபூட், மறுபடி அதே பட்டியல், மறுபடி ரீபூட். ரோவர் ராத்திரி தூங்காம பேட்டரி வேற கரைஞ்சுது. ஃப்ளாஷைத் தொடாம பூட் பண்ண கட்டளை அனுப்பி, ஃபைலை அழிச்சு, கடைசியில ஃபார்மேட் பண்ணாங்க.

சுமதி: நம்ம ஸ்ரீஹரிகோட்டா மங்கள்யானும் இதுலயே போடலாமா?

வேணு பெரியப்பா: தனி சார்ட். அது சுற்றுகலன், தரை தொடல. 2013 நவம்பர் 5, பி.எஸ்.எல்.வி. சி25 ராக்கெட்ல போச்சு. அமெரிக்காவின் நேஷனல் ஸ்பேஸ் சொசைட்டி 2015-ல ஸ்பேஸ் பயனியர் விருது கொடுத்தது அதுக்கு.

பாஸ்கர் அண்ணன்: லேமினேஷன் மேட்டா கேளு. பளபளன்னு போட்டா டியூப்லைட் அடிச்சு எழுத்து தெரியாது.