குவாக்கமோலி: எஸ்.எஸ்.எச். திறக்கிறது, ஆர்.டி.பி. மட்டும் அறுந்துபோகிறது

வணக்கம். நான்கு நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். பிரவுசர் வழியாகவே வேறு கணினிகளுக்குள் போகவிடும் அப்பாச்சி குவாக்கமோலி 1.5.5-ஐ இரண்டு சர்வரில் பிரித்து நிறுவியிருக்கிறேன். பிரவுசரிலிருந்து லினக்ஸ் மெஷின்களுக்கு எஸ்.எஸ்.எச். (கட்டளை வரி இணைப்பு) உடனே திறக்கிறது. விண்டோஸ் சர்வர் 2019-க்கு ஆர்.டி.பி. (அதன் திரையையே காட்டும் தொலை இணைப்பு) போட்டால் இரண்டே விநாடியில் இணைப்பு அறுந்துவிடுகிறது.

முதல் சர்வரில் உபுண்டு 22.04, குவாக்கமோலியின் வலைப் பகுதியை ஓட்டும் டாம்கேட் 9, முன்னால் வெப் சர்வராக என்ஜின்எக்ஸ். (டாம்கேட் 10-இல் இந்தப் பதிப்பு அப்படியே ஓடாது என்பது தெரியாமல் முதல் நாள் வீணானது தனிக்கதை.) இரண்டாவதில் குவாக்டி (மற்ற மெஷின்களோடு இணைக்கும் குவாக்கமோலியின் பின்னணி நிரல்) மட்டும். எல்லாமே கோவை அலுவலகத்தின் ஒரே நெட்வொர்க்கில்.

குவாக்டி முதலில் லோக்கல்ஹோஸ்டில் (அதே சர்வருக்குள்) மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அதை 0.0.0.0 (எல்லா முகவரியிலும் கேட்கும்படி) என்று மாற்றி, 4822 போர்ட்டை முதல் சர்வருக்கு மட்டும் திறந்தேன். எஸ்.எஸ்.எச். வருவதால் அந்தப் பாதை சரிதான். இரண்டாவது சர்வரிலிருந்து விண்டோஸின் 3389 போர்ட்டும் எட்டுகிறது. ஆர்.டி.பி.யின் பாதுகாப்பு வகையான செக்யூரிட்டி மோடை என்.எல்.ஏ., டி.எல்.எஸ்., எனி என மாற்றிப் பார்த்தாயிற்று. சான்றிதழைக் கண்டுகொள்ள வேண்டாம் என்ற டிக்கும் போட்டிருக்கிறேன். அதே கடவுச்சொல்லோடு லேப்டாப்பிலிருந்து நேராகப் போனால் ஜோராகத் திறக்கிறது!

லாகில் வருவது ஒன்றுதான்: சர்வர் இணைப்பை மறுத்தது, பாதுகாப்பு வகை தவறாக இருக்கலாம் என்று. அப்புறம் நேற்று இரவு கவனித்தது: குவாக்டி ஓடுவது டீமன் என்ற பயனரின் பெயரில். அதற்கு எழுத அனுமதியுள்ள ஹோம் டைரக்டரி இல்லை. குவாக்டி ஆர்.டி.பி.க்குப் பயன்படுத்தும் ஃப்ரீஆர்டிபி நூலகம் தன் கோப்புகளை எழுதப் பார்ப்பது அங்கேதான்.

ஹோம் டைரக்டரி உள்ள தனிப் பயனருக்கு குவாக்டியை மாற்றி யாராவது இதைச் சரிசெய்திருக்கிறீர்களா?