பெட்டி இல்லாத காந்தக் கட்டைகள்: ரீகால் ஆனவையா (குறை இருப்பதாகக் கம்பெனி திரும்பப் பெற்றவையா) என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் இரண்டு வயது மகளுக்கு உறவினர் வீட்டிலிருந்து ஒரு பை நிறையக் காந்தக் கட்டைகள் வந்தன. பெட்டி இல்லை, எந்தக் கம்பெனி என்றும் தெரியவில்லை. ஒரு கட்டையின் ஓரத்தில் ஒட்டு விட்டிருக்கிறது. நகத்தால் நெம்பினால் உள்ளே சட்டைப் பட்டனைவிடச் சின்னக் காந்தம் தெரிகிறது.

இப்படி இரண்டு காந்தங்களை விழுங்கிவிட்டால், குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடி ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சிக்கும் குடல் சுவரையே ஓட்டையாக்கிவிடும். மொத்தத்தையும் பரணில் ஏற்றிவிட்டேன். அவள் அழுத அழுகை தனிக்கதை.

ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு நடத்தும் உலக ரீகால் தளத்தில் தேடினால் காந்தப் பொம்மைகள் வரிசையாக வருகின்றன. ஆனால் மாடல் எண்ணும் பேட்ச் எண்ணும் இல்லாமல் எதோடு ஒப்பிடுவது? கட்டையின் உள்விளிம்பில் ஒரு முக்கோணக் குறியும் தேய்ந்துபோன சில எழுத்துகளும்தான் இருக்கின்றன.

அச்சுக்குறியை மட்டும் வைத்துத் தயாரிப்பாளரைக் கண்டுபிடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சூப்பர் குளூ போட்டு ஒட்டினால் போதும் என்கிறார் வீட்டுக்காரர், எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்புறம், தூக்கிப் போடுவதென்றால் வேறு குழந்தை கையில் சிக்காமல் எப்படிப் போடுவது? படம் வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.