ஸ்மார்ட் மீட்டர்: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

*அண்ணன், தாம்பரம் (6:42):* எங்கள் தெருச் சங்கக் குழுவில் காலையிலிருந்து ஒரே பேச்சு. ரீடிங்கைத் தானே அனுப்பும் ஸ்மார்ட் மின் மீட்டர் வந்தால் பில் இரண்டு மடங்காகுமாம், முன்பணம் தீர்ந்தால் ராத்திரியே கரண்ட் போய்விடுமாம். கையெழுத்து வாங்கித் தடுக்கப் போகிறார்கள். பெரியப்பா, உங்கள் வீட்டில் இருக்கிறதே?

*பெரியப்பா, தி.நகர் (6:50):* ஆமாம்பா. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இந்தப் பக்கம்தான் முதலில் மாட்டினார்கள், ஒரு லட்சம் மீட்டருக்கும் மேல். முன்பணம் கிடையாது. பழையபடி இரண்டு மாதத்துக்கு ஒரு பில், 100 யூனிட் இலவசமும் அப்படியே. எனக்கு பில் கூடவில்லை.

*அத்தை, வதோதரா, குஜராத் (6:58):* அண்ணா, இங்கே நடந்தது வேறு. 2024 மே மாதம் ப்ரீபெய்டு, அதாவது முன்பணம் கட்டும் மீட்டர் மாட்டினார்கள், ஜனங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் பார்த்துப் பழகியவர்களுக்கு, போனில் தினமும் பணம் குறைந்தால் பயம் வராதா? முன்கூட்டியே உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும். கடைசியில், பழைய மீட்டரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டுகிறோம் என்று அரசு இறங்கி வந்தது.

*நான் (7:03):* அது இப்போது எல்லாருக்கும் உள்ள உரிமை அத்தை. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. ரீடிங்கில் சந்தேகம் என்று புகார் கொடுத்தால் 5 நாளுக்குள் கூடுதல் மீட்டர் வைக்க வேண்டும், குறைந்தது 3 மாதம் இரண்டையும் ஒப்பிட வேண்டும். அண்ணா, இதை உங்கள் குழுவில் போடுங்கள்.

*அண்ணி (7:09):* எனக்கு பில் கவலை இல்லை. அரை மணிக்கு ஒருமுறை மின்வாரியத்துக்குக் கணக்கு போனால், வீட்டில் ஆள் இல்லாத நாள் எது என்று தெரிந்துவிடுமே. அதை யார் பார்ப்பார்கள்?

*பெரியப்பா (7:12):* நியாயமான கேள்விம்மா. வாய்ச்சொல் போதாது, எழுத்தில் பதில் கேளுங்கள்.

*அப்பா (7:20):* நான் ஸ்மார்ட் மீட்டர் வேண்டும் என்கிற கட்சி. ரீடிங் எடுப்பது நாலு நாள் தள்ளினால் யூனிட் ஏறி மேல் ஸ்லாபுக்கு, அதாவது கூடுதல் கட்டணப் படிக்குப் போய்விடுகிறது. இதில் தேதி தவறாது. 2021 தேர்தலில் தி.மு.க. சொன்ன மாதாமாதம் பில் என்ற வாக்குறுதியும் இதை நம்பித்தான் இருந்தது.

*அத்தை (7:24):* சரி அண்ணா, ஆனால் ஸ்மார்ட்போன் இல்லாத வயசானவர்கள்? ஆப் மட்டும் என்றால் அவர்கள் யாரிடம் போய் நிற்பார்கள்? காகித பில் கட்டாயம் வேண்டும்.

*அண்ணன் (7:31):* அப்படியென்றால் கையெழுத்து வாங்குகிறோம், ஆனால் தடுப்பதற்கு இல்லை. ப்ரீபெய்டா இல்லையா, ஒப்பிட இன்னொரு மீட்டர், கணக்கை யார் பார்ப்பது, காகித பில். நாலுக்கும் பதில் கேட்டு மனு. ஞாயிறு கூட்டத்துக்கு மின்வாரிய உதவிப் பொறியாளரையும் (ஏஈ) கூப்பிடுகிறேன்.

*பெரியப்பா (7:34):* அவர் வந்தால் 1,000 வாட் ஹீட்டரை மட்டும் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மீட்டரில் 1 யூனிட் ஏறுகிறதா என்று எல்லார் முன்னாலும் காட்டச் சொல்.