மலை ஏறும்போது காற்று என்ன ஆகிறது? உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

கோவை ஆசிரியர்:

நானே தொடங்கிவைக்கிறேன். போன மே மாதம் தொட்டபெட்டா உச்சியில் தண்ணீர் குடித்து முடித்த என் மகள், காலி பாட்டிலை இறுக மூடிப் பையில் வைத்துக்கொண்டாள். மேட்டுப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்த்தால், பாட்டில் ஒடுங்கிக் கிடந்தது. "யாரப்பா இதை மிதித்தது?" என்று கேட்டாள். மூடியைத் திறக்கச் சொன்னேன். புஸ்ஸென்று காற்று உள்ளே போக, பாட்டில் நிமிர்ந்துகொண்டது.

காற்றழுத்தம் என்பது நமக்கு மேலே நிற்கும் காற்றின் எடைதான். உயரே போனால் தலைக்கு மேல் இருக்கும் காற்று குறைகிறது. கடல் மட்டத்தில் சுமார் 1,013 ஹெக்டோபாஸ்கல் என்றால், 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவில் ஏறத்தாழ 740தான். மேலே அடைபட்ட அந்த மெல்லிய காற்றை, கீழே வர வர வெளிக்காற்று நெருக்கிவிட்டது.

வெப்பநிலைக்கும் ஒரு கணக்கு உண்டு. கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வேறுபாடு ஏறக்குறைய 1.9 கிலோமீட்டர். அப்படியென்றால் 12 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும். அன்று கீழே 35, ஊட்டியில் 22. பாடப்புத்தகக் கணக்கு கண்ணெதிரே ஒத்துவந்ததில் எனக்கு அப்படியொரு மகிழ்ச்சி.

லடாக் போய்வந்தவர்:

சென்னையில் தினமும் ஓடுபவன் நான். லேயில், 3,500 மீட்டர் உயரத்தில், விடுதியின் இரண்டாம் மாடிக்கு ஏறுவதற்குள் நெஞ்சு அடித்துக்கொண்டது. உயரத்தில் ஆக்சிஜனின் சதவீதம் குறைந்துவிடும் என்று பலர் சொல்கிறார்கள், அது தவறு. அங்கேயும் 21 சதவீதம்தான். காற்றே நெருக்கமில்லாமல் இருக்கிறது. அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம்தான் என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே வரும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது.

முதல் இரண்டு நாள் ஓய்வெடுங்கள். வேண்டாம் என்று தோன்றினாலும் எடுங்கள். மூன்றாம் நாள் கர்துங் லா கணவாயில் நின்றபோது, வளிமண்டலத்தில் ஏறத்தாழ பாதி என் காலுக்குக் கீழே இருக்கிறது என்று நினைத்தேன், உடம்பு சிலிர்த்தது. திரும்பும் விமானமும் காலையில்தான். பிற்பகலில் காற்று சூடேறி இன்னும் மெலிந்துவிட்டால், மேலெழ இறக்கைக்குப் பிடிமானம் போதாது. பலத்த காற்றும் அந்த நேரத்தில்தான் கிளம்பும்.

தலைகுந்தா விவசாயி:

ஆசிரியர் ஐயா, அந்த 6.5 டிகிரிக் கணக்கை ஜனவரி விடியற்காலையில் எங்கள் பள்ளத்தில் நம்பினால் பயிர் போய்விடும். மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துச் சரிவில் தண்ணீர்போல் இறங்கி, பள்ளத்தில் தேங்கும். ஒருநாள் விடியலில், மேட்டிலுள்ள என் வீட்டு வாசலில் 6 டிகிரி. எண்பது மீட்டர் கீழே கேரட் தோட்டத்தில் சரியாகப் பூஜ்யம். புல்லெல்லாம் வெள்ளை. மேட்டுத் தேயிலை பச்சையாக நிற்க, பள்ளத்துத் தேயிலை இரண்டே நாளில் கருகிவிட்டது. என் அப்பா பள்ளத்தில் தேயிலை வைக்காதே என்று சொல்லியிருந்தார். அன்றைக்குத்தான் காரணம் புரிந்தது.

கோவை ஆசிரியர்:

நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. 6.5 என்பது சராசரி மட்டுமே. அதை நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். வெப்பநிலை இப்படித் தலைகீழாகும்போதும் அழுத்தம் மட்டும் மேலே போகப் போகக் குறைந்துகொண்டேதான் இருக்கும். ஜனவரியில் மாணவர்களை வெப்பமானிகளோடு உங்கள் தோட்டத்துக்கு அழைத்து வரலாமா?

தலைகுந்தா விவசாயி:

தாராளமாக வாருங்கள் ஐயா. காலை ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள். வெயில் பட்டால் பள்ளத்துக் குளிர் கலைந்துவிடும்.