பளபளக்கும் தகட்டில் ஏமாந்த வெப்பக் கேமரா

கோவை கணபதியில் இருந்து எழுதுகிறேன். எங்கள் பட்டறையில் பம்ப்செட்டுக்கான அடிச்சட்டங்களை ரோபோதான் வெல்டிங் செய்கிறது. தகடு வெட்டுவதில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்பின் ஆனாலும் ரோபோ பழகிய தடத்திலேயே போய்விடும் என்பதால், போன ஆடியில் வெல்டிங் செய்யும் முனையான டார்ச்சோடு ஒரு வெப்பக் கேமராவைப் பொருத்தினோம். மூட்டின் இருபுறமும் சூடு சமமாகப் பரவுகிறதா என்று அது பார்க்கும். எந்தப் பக்கம் குறைகிறதோ அந்தப் பக்கம் டார்ச்சை நகர்த்தும்.

முதல் வாரம் நூல் பிடித்ததுபோல் வந்தது. பிறகு ஒருநாள் காலையில், அடுத்தடுத்து ஆறு சட்டங்களில் டார்ச் வலப்பக்கமே ஏறிப் போயிருந்தது. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியதும் இடது தகடு கழன்று விழுந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அந்தச் சட்டத்தின்மேல் யாரோ ஒருவர் தோட்டத்து மோட்டார் ராப்பகலாக அதிரப்போகிறது அல்லவா?

கேபிள், மென்பொருள் எல்லாவற்றையும் நோண்டினோம். கடைசியில் எங்கள் மூத்த வெல்டர் தகட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, வலது தகட்டுக்கு மட்டும் யார் கிரைண்டர் போட்டது?" என்று கேட்டார். இடது தகட்டில் ஆலையிலிருந்து வந்த கருப்புப் படலம் அப்படியே இருந்தது. பளபளப்பான இரும்பு, அதே சூட்டிலும் கேமரா பார்க்கும் அகச்சிவப்புக் கதிரைக் குறைவாகத்தான் வெளிவிடும். தொட்டுச் சூடு அளக்கும் தெர்மோகப்பிள் வைத்துப் பார்த்தால் இரண்டு தகடும் 200 டிகிரியை ஒட்டி இருந்தன. கேமராவில் வலது தகடு 110ஐத் தாண்டவில்லை. அது குளிர்ந்து கிடப்பதாக எண்ணி டார்ச்சை அங்கேயே தள்ளியிருக்கிறது.

கருப்பு பெயின்ட் அடிக்கலாம் என்றார் ஒருவர். பெயின்ட் புகைந்தால் வெல்டிங்கில் துளை விழும், வேண்டாம் என்றேன். இப்போது மூட்டின் இருபுறமும் ஒரே அகலத்துக்குக் கிரைண்டர் போட்ட பிறகே ரோபோவிடம் கொடுக்கிறோம்.

*

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். திருச்செங்கோட்டில் நாங்களும் வெப்பக் கேமராவால் வேறு விதமாகப் பட்டோம். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கான வேலை. பொறி தெறித்து லென்ஸ் பாழாகிறதே என்று எங்கள் பையன் முன்னால் சாதாரணக் கண்ணாடியை ஒட்டிவிட்டான். நல்ல எண்ணத்தில்தான் செய்தான். திரை முழுக்க ஒரே நிறமாகிவிட்டது. எங்கள் கேமரா பார்ப்பது 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையுள்ள கதிரை; அது கண்ணாடிக்குள் நுழையாது. ஜெர்மேனியம் வில்லை வாங்கிய பிறகே சரியானது. கையில் எடுத்துப் பார்த்தால் ஈயத்தகடு மாதிரி இருக்கிறது, அந்தப் பக்கம் ஒன்றுமே தெரிவதில்லை. கேமராவுக்கோ அதன் வழியாக எல்லாம் தெரிகிறது. விலை அதிகம் என்பதால் ஒவ்வொரு ஷிப்ட் முடிந்ததும் நானே துடைத்து வைக்கிறேன்.