புதுப்பிப்பு: குச்சி (Gucci) ப்ளூமா, ஷனேல் (Chanel) காப்ரியேலா?

அக்காவுக்குப் பரிசாக இந்த இரண்டு வாசனைத் திரவியங்களில் எதை வாங்கலாம் என்று இங்கே உங்களிடம் கேட்டிருந்தேன். இரண்டும் 2017இல் வந்தவை, இரண்டிலும் சம்பங்கியும் மல்லிகையும் உண்டு. காகிதப் பட்டையில் முகர்ந்தால் வித்தியாசம் பிடிபடவில்லை. கையில் அடித்துச் சாயங்காலம் வரை பொறுக்கச் சொன்னீர்கள். அக்காவின் ஒரு மணிக்கட்டில் ஒன்று, மற்றதில் இன்னொன்று என்று அடித்துப் பார்த்தோம்.

காப்ரியேல் முதலில் ஆரஞ்சுத் தோல் வாசனையோடு பளிச்சென்று எழுந்தது, அப்புறம் ஆரஞ்சுப் பூவும் லேசான சோப்பு மணமும். ப்ளூம் எடுத்த எடுப்பிலேயே பூதான்: சம்பங்கி மாலையைப் பக்கத்தில் வைத்தது போலக் கனமான மணம். அதில் ரங்கூன் மல்லியும் சேர்கிறது. வெள்ளையாகப் பூத்துச் சிவப்பாக மாறுமே, அந்தக் கொடிதான். அக்கா ப்ளூமையே கேட்டாள். வாங்கியாயிற்று. வெயில் நாளில் மட்டும் ஒருமுறை அடித்தாலே போதும்.