அம்மாவோடு டோக்கியோவில் முதல் நாள்

அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. அவரை டோக்கியோவுக்குக் கூட்டிப் போகிறேன் என்றதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் சாப்பாட்டைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். ஆனால் முதல் நாளில் எங்களைச் சுற்ற வைத்தது விலாசம். பெற்றோரை அழைத்துப் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் அந்த ஒரு நாளை மட்டும் எழுதுகிறேன்.

டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் இறங்கியபோது அங்கே காலை 8 மணி, நம் ஊரில் விடிகாலை 4:30. குடியேற்றப் பிரிவில் இரண்டு ஆள்காட்டி விரல் ரேகையும் எடுத்து, முகத்தையும் படம் பிடிக்கிறார்கள். பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த அம்மாவின் விரல் கருவியில் சரியாகப் பதியவில்லை. அந்த அதிகாரி கொஞ்சமும் சலித்துக்கொள்ளாமல், விரலைத் துடைத்துவிட்டு அழுத்தும்படி தன் கையாலேயே செய்து காட்டினார். சான்றிதழ் இல்லாமல் பழம், காய்கறி, இறைச்சி எதையும் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் கறிவேப்பிலையை ஊரிலேயே வைத்துவிட்டு, பருப்புப் பொடியோடுதான் போயிருந்தோம்.

தங்குமிடம் டோக்கியோவின் அசகுசா வட்டாரத்தில். ஹனேடாவிலிருந்து ரயில் மாறாமலே போகலாம். கெய்க்யூ நிறுவனத்தின் பாதையில் கிளம்பும் ரயில், அப்படியே டோக்கியோ பெருநகர அரசின் அசகுசா சுரங்கப் பாதைக்குள் நுழைந்து, அதற்கப்புறம் கெய்செய் என்ற இன்னொரு நிறுவனத்தின் பாதையில் ஓடுகிறது. சில ரயில்கள் நரிதா விமான நிலையம் வரை போகும். எங்களுக்கு வந்ததும் அதுதான். பலகையைப் படித்துச் சொன்னதும் அம்மா, "இப்பதானே ஏர்போர்ட்டிலிருந்து வர்றோம், மறுபடியும் ஏர்போர்ட்டா?" என்று ஏற மறுத்துவிட்டார். வரைபடத்தில் நடுவே அசகுசா இருப்பதைக் காட்டிய பிறகுதான் ஏறினார். முன்பணம் போட்டு வைக்கும் பயண அட்டைகளான சுய்கா, பாஸ்மோ இரண்டில் எதை வாங்கினாலும் ரயில், பஸ், கடை எல்லாவற்றுக்கும் ஆகும். அம்மாவுக்குத் தனியாக ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஒரு அட்டையில் இரண்டு பேர் போக முடியாது.

இனி விலாசம். ஜப்பானில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே இல்லை. தெருக்களுக்கு நடுவே இருக்கும் மனைத் தொகுதிக்குத்தான் எண். அசகுசாவின் பெரிய கோயிலான சென்சோ-ஜியின் விலாசம் அசகுசா 2-3-1. முதல் எண் வட்டாரத்தின் பிரிவு, அடுத்தது அதற்குள் இருக்கும் தொகுதி, கடைசி எண் கட்டடம். இரண்டாவது குறுக்குத் தெரு, பிள்ளையார் கோயில் எதிரில் என்று வழி கேட்டே பழகிய நமக்கு இது பிடிபட நேரமாகும். போன் வரைபடம் எங்களைத் தொகுதி வரை கொண்டுவந்து விட்டது. அங்கே ஒல்லி ஒல்லியாக நெருக்கி நின்ற கட்டடங்களில் எங்கள் விடுதி எது என்று தெரியவில்லை. பெயர்ப்பலகை எல்லாம் ஜப்பானிய எழுத்து. அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு.

அப்போதுதான் பெரிய சாலைக்கு வந்து கோபானுக்குள் நுழைந்தோம். கோபான் என்றால் தெருமுனையில் இருக்கும் சின்னப் போலீஸ் சாவடி. 1874-இல் டோக்கியோவில் தொடங்கிய ஏற்பாடு, இன்று நாடு முழுக்க இருக்கிறது. வழி சொல்வதும், யாராவது கண்டெடுத்துக் கொடுக்கும் பொருளை வாங்கி வைப்பதும் அவர்களுடைய அன்றாட வேலை. போலீஸ் என்றாலே ஒதுங்கிப் போகும் அம்மா, வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே இருந்தவர் முதலில் அம்மாவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். என் காகிதத்தில் ஜப்பானிய எழுத்தில் இருந்த விலாசத்தை மேசைமேல் கிடந்த பெரிய வரைபடத்தோடு வைத்து, விரலால் தொகுதி தொகுதியாக நகர்ந்து வந்து ஒரு கட்டடத்தில் நிறுத்தினார். அந்த வரைபடத்தில் ஒவ்வொரு கட்டடமும் பெயரோடு இருந்தது. ஒரு துண்டுத் தாளில் கோடு போட்டு, திரும்பும் மூலையில் குளிர்பான இயந்திரம் ஒன்றையும் வரைந்து கொடுத்தார். அப்புறம் வெளியே வந்து, சாலையைக் கடக்கும் இடம் வரை கூடவே நடந்தார். அம்மா, "ரொம்ப நன்றி தம்பி, நல்லா இருக்கணும்" என்று தமிழிலேயே சொன்னார். அவர் இடுப்பு வரை குனிந்து வணங்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் ஊர் ஒவ்வொரு முனையிலும் இப்படி ஒரு சாவடி வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

விடுதியில் அறை பிற்பகல் 3 மணிக்குத்தான். பெட்டிகளை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது தாஷி என்ற சாறு. பெரும்பாலும் காய்ந்த சூரை மீன் சீவலில் எடுப்பது. மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, வேகவைத்த காய்கறி வரை எல்லாவற்றிலும் இருக்கும். "இறைச்சி இல்லை" என்று கடைக்காரர் சொல்வதில் இது அடங்காது. தாஷி என்ற சொல்லையே சொல்லிக் கேட்க வேண்டும். அன்றைக்குப் பக்கத்துக் கடையில் உமேபோஷி என்ற புளிப்பு ஊறுகாய் வைத்த ஒனிகிரி என்ற சோற்று உருண்டை வாங்கினோம். சோற்றுக்கும் கடற்பாசித் தாளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் இருக்கும். உறையில் 1, 2, 3 என்று போட்டிருக்கும் வரிசைப்படி இழுத்தால், தாள் மொறுமொறுப்பாகவே சோற்றைச் சுற்றிக்கொள்ளும். "எலுமிச்சை ஊறுகாய் வச்ச தயிர் சாதம் மாதிரி, தயிர்தான் இல்லை" என்றார் அம்மா. ஒனிகிரியிலும் சிலவற்றில் மீன் சாறு சேர்க்கிறார்கள். போனில் உறையைப் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

காசு கொடுக்கும்போது கையில் நீட்டாமல் கல்லா அருகே இருக்கும் சின்னத் தட்டில் வைக்க வேண்டும். ஓட்டை போட்ட நாணயம் 5 யென்னிலும் உண்டு, 50 யென்னிலும் உண்டு. மஞ்சளாக இருப்பதுதான் 5, அதில் மதிப்பு ஜப்பானிய எழுத்தில் மட்டும்தான் இருக்கும். தெருவில் குப்பைத் தொட்டி அரிது. 1995-இல் சுரங்க ரயிலில் விஷவாயுத் தாக்குதல் நடந்த பிறகு நிறைய எடுத்துவிட்டார்களாம். பையில் ஒரு காலி கவர் வைத்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்களோடு போவதென்றால் இரண்டு விஷயம். விலாசத்தை ஜப்பானிய எழுத்தில் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோங்கள். போன் திரையைவிடக் காகிதத்தை வரைபடத்தோடு வைத்துப் பார்ப்பது கோபானில் இருப்பவர்களுக்குச் சுலபம். அப்புறம், ரயில் நிலையத்தின் எல்லா வாசலிலும் லிஃப்ட் இருக்காது. எந்த வாசலில் இருக்கிறது என்று முன்னாலேயே பார்த்து அதன் எண்ணையும் அதே காகிதத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.